வாசகர் கேள்வி பதில்: முகத்துக்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வட்ட முகம். மூக்குக்கண்ணாடி வாங்குவதென்றால் வட்ட முகத்துக்குச் சதுர பிரேம், சதுர முகத்துக்கு வட்ட பிரேம் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். நம்பிச் சதுரமாக வாங்கினேன். முகத்தில் ஜன்னல் வைத்த மாதிரி இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: அளவில்தான் தப்பு இருக்கும், வடிவத்தில் இல்லை. அந்தச் சதுரம், வட்டம் கணக்கெல்லாம் தேர்வைத் தொடங்குவதற்குச் சரி, ஆனால் முழு வட்டமாகவோ முழுச் சதுரமாகவோ முகம் உள்ளவர்கள் எத்தனை பேர்? உங்களுக்குப் பொருந்தும் பழைய கண்ணாடி ஏதாவது இருந்தால் எடுத்து, காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கம் பாருங்கள். 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் பொடியாக அச்சடித்திருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் வரும் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். சட்டைக் காலரில் இருக்கும் சைஸ் மாதிரிதான் இது, ஆனால் பத்து வருடம் கண்ணாடி போட்டவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். புது பிரேமில் இந்த எண்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டினாலே முகத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து புது பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று மூன்று விஷயம் பாருங்கள். பிரேமின் அகலமும் முகத்தின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் ஜன்னல். கண் லென்ஸின் நடுவையொட்டி வர வேண்டும், கொஞ்சம் மூக்குப் பக்கமாக இருந்தால் பரவாயில்லை. மேல் விளிம்பு புருவத்தின் போக்கிலேயே போக வேண்டும், புருவம் ஒரு பக்கம் பிரேம் ஒரு பக்கம் என்று போனால் எப்போதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பது போலத் தெரிவீர்கள். அப்புறம் நன்றாகச் சிரித்துப் பாருங்கள். கன்னம் பிரேமைத் தூக்கிவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மைனஸ் 7 பவர். சோடாபுட்டி என்று கேலி கேட்டே வளர்ந்தவன். இப்போது விளிம்பே இல்லாத பிரேம் போட்டால் கண்ணாடி போட்டதே தெரியாது என்று நண்பன் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பருக்குப் பவர் கம்மி என்று நினைக்கிறேன். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடிமனாகவும் இருக்கும், விளிம்பு இல்லாவிட்டால் அந்த ஓரம் முழுக்க அப்படியே வெளியே தெரியும். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர்: சின்ன லென்ஸ், மூலை இல்லாத வடிவம், தடிமனை மறைக்கிற மாதிரி கொஞ்சம் அகலமான விளிம்பு.

ஏன் சின்னது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் இரண்டு கருவிழிக்கும் நடுவே 62 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 54, 18 பிரேம் எடுத்தால் கூட்டி 72 வருகிறது, இதுதான் பிரேமில் இரண்டு லென்ஸின் நடுவுக்கும் உள்ள தூரம். உங்கள் கண்களின் தூரத்தைவிட 10 அதிகம், அதாவது ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும், அப்போது காதுப் பக்கம் மிஞ்சுவது லென்ஸின் தடித்த ஓரம்தான். 46, 20 எடுத்தால் மொத்தம் 66, தள்ளுவது 2 மில்லிமீட்டர் மட்டும். பிரேமைச் சரியாக எடுத்தாலே பாதி வேலை முடிந்தது, மிச்சத்துக்கு ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் திறன்) 1.67 போல அதிகமாக உள்ள மெல்லிய வகை லென்ஸைக் கேளுங்கள். அதில் வெளிச்சம் அதிகமாகப் பிரதிபலிக்கும் என்பதால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இன்னொன்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் பிரேமைப் போட்டுப் பார்த்தால் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் ஒருமுறை மங்கலாகப் பார்த்து, சிவப்பு என்று நினைத்து ஆரஞ்சு வாங்கி வந்தேன், இரண்டு வருடம் போட்டேன். போனில் ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு வீடியோவும் எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: எந்தக் கண்ணாடி வாங்கினாலும் மூக்கில் வழுக்கிக்கொண்டே வருகிறது. தண்டு தாழ்ந்த மூக்கு எனக்கு. நாள் முழுக்கத் தூக்கிவிட்டே கை வலிக்கிறது.

பதில்: மூக்கோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டிக் பிரேம்களை விட்டுவிட்டு, சின்னக் கம்பியில் சிலிகான் பட்டை வைத்த பிரேமைப் பாருங்கள், அந்தப் பட்டைகளைக் கடையிலேயே உங்கள் மூக்குக்கு ஏற்ப வளைத்துக் கொடுப்பார்கள். ஆனால் பழியை முழுக்க மூக்கின் மேல் போடாதீர்கள். கம்பி காதின் மேல் ஏறி இறங்கும் இடத்திலேயே வளைய வேண்டும், அதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் வளைந்தால் பிடிப்பே இருக்காது. பிரேம் குறுகலாக இருந்து நெற்றிப்பொட்டில் அழுத்தினாலும் வழுக்கும், தலை பின்னால் போகப் போக அகலமாவதால் அது பிரேமை முன்னால் தள்ளிவிடும். இறுக்கமாக வாங்கினால் நிற்கும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

கேள்வி: தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸுக்கு உயரம் குறைந்த ஒல்லியான பிரேம் போடலாமா?

பதில்: வேண்டாம். தூரம், நடு, படிப்பு மூன்றும் மேலிருந்து கீழாக அதில் அடங்க வேண்டும், கருவிழியிலிருந்து கீழ் விளிம்பு வரை 18 மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு, வளர்ந்தாலும் போதும்படி ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

பதில்: பாவாடை என்றால் மடித்துத் தைத்துக் கொடுக்கலாம், கண்ணாடியில் அது நடக்காது. பெரிய பிரேம் கீழே இறங்கிவிடும், குழந்தை அதற்கு மேலேதான் எட்டிப் பார்க்கும், அப்புறம் பவர் எதற்கு? பிரேம் சின்னதாவதற்குள் பவரே மாறிவிடவும் வாய்ப்பு உண்டு. இன்றைய அளவுக்கு வாங்குங்கள், லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், நிறத்தை மட்டும் அவளே தேர்ந்தெடுக்க விட்டுவிடுங்கள். பிடித்த நிறமென்றால் கழற்றிப் பைக்குள் வைக்க மாட்டாள்.