நூலகர் பதில்கள்

(ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர், புத்தகங்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கே: எங்கள் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ‘அருமை’, ‘தவறவிடாதீர்கள்’ என்றே எழுதுகிறார்கள். யாரை நம்பி வாங்குவது? – சிவகாசி வாசகர்

ப: ‘அருமை’ என்று எழுதப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம், அட்டை போதும். உள்ளே போய் வந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விவரமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பற்றி ‘மனித உறவுகளின் ஆழத்தைப் பேசும் நாவல்’ என்று ஒருவர் எழுதினால், அதே வரியை இன்னும் நூறு நாவல்களுக்கு ஒட்டிவிடலாம். ‘சென்னையில் ஒரு தெரு, தண்ணீர் வராத குழாய், குடத்தோடு அலையும் ஜமுனா, அவள் துயரத்தை ஆசிரியர் ஓரிடத்திலும் உரக்கச் சொல்லாதது பாதிவரை எனக்கு எரிச்சலூட்டியது’ என்று எழுதுகிறவரைத் தாராளமாக நம்பலாம். எரிச்சலையும் மறைக்கவில்லையே!

வேலையில் இருந்தபோது மதிப்புரைகளைவிட, கடைசி அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும், இரவல் கொடுக்கும்போதெல்லாம் முத்திரை குத்தும் தேதித் தாளைத்தான் நான் அதிகம் நம்பினேன். முத்திரைகள் நிரம்பி, அதன் மேலேயே இன்னொரு தாள் ஒட்டியிருந்தால், அந்தப் புத்தகத்தைப் பற்றி ஊரில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். (போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இந்தக் கணக்கில் சேராது.)

கே: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அடுத்து என்ன படிக்கலாம்? – தஞ்சாவூர் வாசகி

ப: அதில் எது பிடித்தது என்று எழுதவில்லையே அம்மா. சோழர் பெருமைதான் என்றால், சொல்வதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வந்தியத்தேவனோடு ஊர் ஊராகச் சுற்றியதும் கடல் கடந்ததும் பிடித்தது என்றால், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தோனேசியாவின் மேடான், மலேயாவின் பினாங்கு என்று அலையும் பாண்டியனின் கதை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கல்கி கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், சிங்காரம் நடுக்கடலில் இறக்கிவிடுவார். வட்டிக்கடைப் பேச்சு, மலாய்ச் சொற்கள், பழந்தமிழ்ப் பாட்டைப் பற்றிய கேலி என்று எல்லாம் சேர்ந்து வந்து விழும். அர்த்தம் தேடி நிற்காமல் முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்டுங்கள். அதற்குள் ஜப்பானியப் படை மேடானுக்குள் வந்துவிடும். பிறகு நீங்கள் கீழே வைக்க மாட்டீர்கள்.

சிங்காரம் மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். இந்த நாவல் 1972இல் வெளிவந்தபோது கவனித்தவர்கள் சிலர்தான். 1997இல் அவர் காலமானார். ‘இதைப் படித்தாயா?’ என்று ஒரு வாசகர் இன்னொருவரைக் கேட்டுக் கேட்டே இன்று அது எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது.

கே: மதிப்புரையில் கதையைச் சொல்லிவிடலாமா? – நாமக்கல் வாசகர்

ப: துப்பறியும் கதை என்றால் கூடவே கூடாது. எங்கள் நூலகத்தில் ஒரு புண்ணியவான், துப்பறியும் நாவல்களின் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்துவிடுவார். அவர் யார் என்பதைத்தான் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

மற்ற நாவல்களுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தண்ணீர் குடிக்கக் குனிந்த கர்ப்பிணியை நகைக்காக ஒரு கள்ளன் அமுக்கிக் கொல்கிறான். அவளோ அவன் கால் விரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு போனாலும் கி.ரா. சொல்லும்போது நெஞ்சு பதறத்தான் செய்கிறது.

கே: ‘இதைப் படியுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் எப்போது தொடங்கியது? – கும்பகோணம் வாசகர்

ப: தொடக்கம் யாருக்குத் தெரியும்? உங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1880இல், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அங்கே முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார் ஐயர். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. பிறகு கையெழுத்துப் பிரதி ஒன்றையும் முதலியாரே கொடுத்தார். 1887இல் ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு அச்சில் வந்தது. முதலியார் புத்தகத்தைப் புகழ்ந்து தள்ளவில்லை, ‘உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது’ என்று குழையவும் இல்லை. நறுக்கென்று கேட்டார், பிரதியையும் கொடுத்தார். நம் குழுக்களில் முதல் பாதியை மட்டும் செய்கிறோம்.

கே: கணவருக்குப் படிக்கும் பழக்கமே இல்லை. எதைக் கொடுத்துப் பழக்குவது? – திருநெல்வேலி வாசகி

ப: தலையணை கனத்தில் எதையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்க்காரர் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைக் கொடுங்கள். பூலோகம் பார்க்க வந்த கடவுளை ஓட்டலுக்கு அழைத்துப்போய்க் காபி குடிக்கவைத்து, தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டவைக்கிறார் பிள்ளை. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். உங்கள் கணவர் சிரிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வைத்தியம் பார்க்கலாம்.

கே: இரவல் கொடுத்த புத்தகத்தை நண்பர் திருப்பித் தரவில்லை. எப்படிக் கேட்பது? – தேனி வாசகர்

ப: ‘எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். படித்திருந்தால் ஒரு மணி நேரம் பேசுவார். படிக்கவில்லை என்றால் மறுநாளே புத்தகம் வீடு வந்து சேரும். எனக்கும் ஒரு ‘மோகமுள்’ வரவேண்டியிருக்கிறது. எடுத்துப்போனவர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்தான்.