முராசாகி மறைத்த படிப்பு

கேள்வி: வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவள் நான். ‘கெஞ்சி கதை’ என்ற ஜப்பானிய நாவலை எழுதிய முராசாகி ஷிகிபு, தமக்குச் சீனம் தெரியும் என்பதை வெளிக்காட்டாமல் இருந்தாராமே! அரண்மனையில் இருந்தவருக்கு அப்படி என்ன அச்சம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானில் அரசு ஏடுகள் சீனத்தில் எழுதப்பட்டன, அது ஆண்களுக்குரிய படிப்பு. பெண்கள் ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்தில் கடிதமும் கவிதையும் எழுதினால் போதும் என்று கருதப்பட்டது. முராசாகியின் தந்தை தமேதோகி சீனப் புலமை மிக்கவர். மகனுக்குப் பாடம் நடக்கும்போது அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், அவன் திணறிய இடங்களையும் எளிதில் பிடித்துக்கொண்டார். “இவள் ஆணாகப் பிறக்கவில்லையே” என்று தந்தை வருந்தியதை முராசாகியே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1001-இல் கணவர் இறந்தார். கையில் ஒரு சிறுமி. சில ஆண்டுகள் கழித்துப் பேரரசி ஷோஷியின் அவையில் சேர்ந்தார். ஆட்சியைத் தம் பிடியில் வைத்திருந்த ஷோஷியின் தந்தை மிச்சினாகா, மகளைச் சுற்றிக் கற்ற பெண்கள் இருந்தால் அவளுடைய அவைக்குப் பெருமை என்று கணக்குப் போட்டவர். உங்கள் சித்தூர் வட்டத்தில் இரண்டு மொழி தெரிந்த பெண்ணுக்கு அது கூடுதல் தகுதி. முராசாகிக்கோ, எந்தப் படிப்பு அவரை அரண்மனைக்குள் கொண்டுவந்ததோ அதுவே அங்கு ஏச்சுக்கும் இடமாயிற்று.

ஷோஷியின் கணவரான பேரரசர் இச்சிஜோ, முராசாகி எழுதிய கதையைப் படிக்கக் கேட்டு, இவர் பழைய வரலாற்று ஏடுகளைக் கற்றவராக இருக்க வேண்டும் என்று பாராட்டினார். பாராட்டு பொறுக்காத ஒரு தோழி அவருக்கு ‘வரலாற்றுச் சீமாட்டி’ என்று பட்டம் சூட்டி அரண்மனையெங்கும் பரப்பிவிட்டாள். அதன்பின் தடுப்புத் தட்டிகளில் எழுதியிருந்த வரிகளைக்கூட வாசிக்கத் தெரியாதவர்போல முராசாகி நடந்துகொண்டார். ஆனால் பேரரசி விரும்பியதால், மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, சீனக் கவிஞர் போ சூயியின் பாடல்களை அவருக்குக் கற்பித்தார். செய்தி மிச்சினாகாவின் காதுக்கு எட்டியது. அவர் கோபிக்கவில்லை, மகளுக்கு அழகிய பிரதிகளையே எழுதுவித்துக் கொடுத்தார்.

ஆகவே அஞ்சியது ஆள்வோருக்கு அல்ல, உடன் இருந்தவர்களின் வாய்க்கு. அடக்கமும் உண்டுதான், ஆனால் அதை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. மற்றோர் எழுத்தாளரான செய் ஷோனகோன் சீன எழுத்துகளை எங்கும் இறைத்து வைக்கிறார், உற்றுப் பார்த்தால் குறைகள் மலிந்திருக்கின்றன என்று அதே நாட்குறிப்பில் முராசாகி சாடுகிறார். அந்தக் குறைகளைக் காணும் அளவுக்குத் தமக்குச் சீனம் தெரியும் என்பதை அங்கே அவர் மறைக்கவில்லை.