முழங்கால் தேய்மானம் உள்ள அம்மாவைத் தண்ணீரில் இறக்கலாமா?

68 வயது அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், பாத்ரூமில் இரண்டு முறை தடுமாறிவிட்டார், நீச்சல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர்ப் பயிற்சிக்குத் தாராளமாக இறக்கலாம், நீச்சல் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும், அதனால் தரையில் வலிக்கிற அசைவுகூட அங்கே சுலபமாக வரும். என் மாமியார் முதல் வாரம் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார், அப்புறம் ஒரு விரல் மட்டும் கம்பியில், ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நின்றார். அந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மார்கழிக் காலையில் சென்னையிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும், மூட்டு விறைக்கும், வெயில் ஏறியபின் போங்கள். எனக்குப் பயமெல்லாம் குளத்தின் ஈரமான ஓரம்தான், வழுக்காத ரப்பர் செருப்பும் கூடவே ஒரு ஆளும் கட்டாயம். இதயக் கோளாறோ ஆறாத புண்ணோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.