சகனில் உட்கார்ந்துகொண்டு சோறு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: ஊர் கீழக்கரை, வேலை துபாயில். எனக்குச் சீனி வியாதி, மாத்திரை எடுக்கிறேன். டாக்டர் சொல்லி, சோறும் இனிப்பும் குறைத்து மீன், முட்டை, காய் என்று பழகிவிட்டேன். அங்கே தொல்லையில்லை. லீவில் ஊருக்கு வந்தால் தினமும் ஒரு வீட்டு விருந்து, இல்லையென்றால் கல்யாணம், அங்கே ஒரே தாலத்தில் சேர்ந்து உண்ணும் சகன். "ஏன் சாப்பிட மாட்டேங்குறே?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. என்னதான் சொல்வது?

பதில்: விளக்கத்தை முதலில் விடுங்கள். நீங்கள் காரணம் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் தேடுவார், "எங்க வாப்பா 80 வயசு வரை சோறுதான் தின்னாங்க" என்பார், அப்புறம் அந்தப் பேச்சு ஓயவே ஓயாது. எது வேண்டாம் என்பதை விட்டுவிட்டு எது வேண்டும் என்று கேளுங்கள். விருந்துக்கு முதல் நாளே போன் போட்டு, "மாமி, நாளைக்கு வாரேன், மீன் ஆணம் வச்சுடுங்க, சோறு ஒரு கரண்டி போதும்" என்று சொன்னால் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது, மனமும் கோணாது. நெய்ச்சோறு ஆக்கி இறக்கிய பிறகு வாசலில் நின்று வேண்டாம் என்றால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துச் சகன் கொஞ்சம் சிக்கல்தான், ஒரே தாலத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறோம், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பிஸ்மி சொல்லிக் கை வைக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, "காக்கா, இந்தச் சோத்தை உங்க பக்கம் தள்ளிக்கங்க, எனக்குக் கறியும் தால்ச்சா கத்தரிக்காயும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்த பிறகு சொல்லாதீர்கள், நீங்கள் கை வைத்த சோற்றை அவர் பக்கம் தள்ளுவது நன்றாக இருக்காது. முதலில் கறியையும் காயையும் தின்று, கடைசியில் சோற்றில் ரெண்டு பிடி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வரிசையில் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரையும் குறைவாகத்தான் ஏறும். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, மீனிலும் ஆட்டுக்கறியிலும் அது அநேகமாக இல்லை. கல்யாண மண்டபத்துப் பொரித்த மீனில் மட்டும் மாவு பிசறியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொதல் என்ற இனிப்புக்கு வருவோம். "கருப்பட்டிதானே போட்டிருக்கு, சீனி இல்லையே" என்று அன்பாகத் திணிப்பார்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான், உடம்புக்குள் போனால் அதுவும் ஏற்றத்தான் செய்யும். அதை அங்கேயே வாதாடி நிரூபிக்க வேண்டாம். ஒரு சிறு துண்டை வாங்கி, "வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்று மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்தவருக்குத் திருப்தி.

ஆனால் ஒருவரிடம் மட்டும் முழு விளக்கமும் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் மனைவியிடமோ மச்சானிடமோ. இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். திடீரென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். நீங்களோ ஊர் முழுக்க "இனிப்பு எனக்கு விஷம்" என்று சொல்லி வைத்திருந்தால், அந்த நேரத்தில் சீனி டப்பாவை எடுக்க யாருக்கும் கை வராது. அதனால் விஷம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், "குறைச்சுக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால், சோற்றை அடியோடு நிறுத்துவது வேறொரு ஆபத்து, இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே அடுத்த விருந்துக்கு முன்னால் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டி, இப்போது எவ்வளவு சோறு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.