நுகர்வோர் கேள்வி-பதில்: பெட்டியில் எழுதாத கோபால்ட்

கேள்வி: கைப்பேசி நிறுவனம் தந்த "மோதலற்ற கனிமங்கள்" (ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகாத கனிமங்கள்) என்ற அறிவிப்பை நம்பி, கூடுதல் விலை கொடுத்து ஒரு கைப்பேசி வாங்கினேன். அதன் பேட்டரியில் உள்ள கோபால்ட்டைச் சிறுவர்கள் பொறுக்கியிருக்கலாம் என்கிறார்களே, நான் ஏமாந்தேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள், ஆனால் சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது; கோபால்ட் அதில் இல்லை. அதிலும், பணம் ஆயுதக் குழுக்களிடம் போய்ச் சேர்கிறதா என்றுதான் கேட்கிறதே தவிர, குழிக்குள் இறங்கியவருக்கு என்ன வயது என்று கேட்பதில்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் அதே நான்கோடு நின்றுவிட்டது. உலகக் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தரும் காங்கோ ஜனநாயகக் குடியரசில் பெரும்பகுதி இயந்திரச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. எனினும் கோல்வேசி நகரைச் சுற்றி, முட்டுக்கொடுக்காத குழிகளில் கையால் தோண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுமந்து வரும் சாக்கை வியாபாரி தன் தராசில் எடைபோட்டு, தன் கருவியில் தரம் பார்த்து, தான் சொல்வதே விலை என்கிறார். அங்கே கல்லைப் பொறுக்கிக் கழுவும் சிறுவர்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உழைத்து ஓரிரு டாலர் பெற்றதை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் பதிவு செய்தது. சுத்திகரிப்பு ஆலையில் எல்லாக் கல்லும் ஒன்றாகக் கலந்த பிறகு எது யார் தோண்டியது என்று எவராலும் பிரிக்க இயலாது. அந்த வசதியான மறதிக்குத்தான் நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள். கோபால்ட் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் காங்கோவின் கனிமத்தையே புறக்கணித்துவிடலாமா?

பதில்: கூடாது. 2010 செப்டம்பரில் அந்நாட்டின் அதிபர் கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலைச் சில மாதங்கள் நிறுத்தியபோது, முதலில் வருமானத்தை இழந்தவர்கள் தோண்டியவர்களே.

கேள்வி: ஆண்டுக்கொரு கைப்பேசி மாற்றுவேன். மனச்சாட்சி உறுத்தாத நிறுவனம் எது?

பதில்: ஆண்டுக்கொன்று வாங்குபவருக்கு அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. பழைய கைப்பேசிகள் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: கோபால்ட் இல்லாத பவர் பேங்க் என்று விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் கோபால்ட் இல்லை என்பது உண்மை, ஆனால் அதே திறனுக்கு அது கூடுதல் எடையும் பருமனும் கொண்டிருக்கும். நானும் அப்படி ஒன்றை வாங்கி, கைக்கு இலேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். மூன்றே மாதத்தில் அது வீங்கியது. பழுதுபார்ப்பவர் பிரித்தபோது செல்லின் உறையில் 3.7 வோல்ட் என்று அச்சாகியிருந்தது. இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 3.2 வோல்ட்தான்; 3.7 என்றால் அது வேறு வகைச் செல். அதே 3.7 வெளிப்பெட்டியிலும் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது; படிக்காமல் வாங்கியது நான்.