பேன் மருந்து போட்டும் திரும்ப வருகிறதே, மகளின் முடியை வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் வெட்டிவிடுங்கள், பேனுக்காக வேண்டாம். பேனும் ஈறும் இருப்பது முடியின் அடியில், தலைத்தோலை ஒட்டி. தோள்வரை வெட்டினாலும் அங்கே ஒன்றும் மாறாது.

நீங்கள் மருந்தை ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெர்மெத்ரின் 1% என்ற பேன் மருந்து ஊர்கிற பேனைக் கொல்லும், ஈறை விட்டுவிடும். ஈறு பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் 9ஆம் நாள் வாக்கில் இன்னொரு முறை போடச் சொல்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. தலையில் புண்ணோ சீழோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். யார் என்ன சொன்னாலும் மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

என் மகளுக்கு வந்தபோது மருந்தைவிடக் கைகொடுத்தது பேன் சீப்புதான். தலையை நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை வாருவேன். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால், எள்ளளவில் பழுப்பாக ஒன்று காலை ஆட்டிக்கொண்டிருக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம். முடியில் இருந்த ஈறைப் பார்த்து வீட்டில் பொடுகு என்றுதான் சொன்னார்கள். பொடுகு தட்டினால் உதிர்ந்துவிடும். ஈறு முடியோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வந்தது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் வாரினேன், ஒழிந்தது. அவள் முடி இன்றும் இடுப்புவரை இருக்கிறது.

'வீட்டில் சுத்தம் இல்லாவிட்டால்தான் பேன் வரும்' என்று கீழே யாராவது எழுதுவார்கள். தினமும் குளிக்கிற தலையிலும் பேன் ஏறும். அதற்குக் குதிக்கவோ பறக்கவோ தெரியாது, தலையும் தலையும் ஒட்டும்போது ஊர்ந்து மாறுகிறது, அவ்வளவுதான். கீழே விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறையையும் துண்டையும் சுடுநீரில் துவைத்தால் போதும்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. வகுப்பில் என் மகளைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதல் முறை பேன் வந்தால் அரிப்பே தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். அத்தனை நாள் எல்லாரோடும் ஒட்டி உட்கார்ந்த பிள்ளையை அன்றைக்குப் பிரித்து என்ன பயன்? அப்புறம் இன்னொன்று: பள்ளிப் படிவத்தில் முதலில் இருப்பது அப்பாவின் எண். பேன் என்றதும் அழைத்தது என்னை, அதுவும் வேலை நேரத்தில். பிள்ளையின் தலையைப் பார்க்க அப்பாவுக்குக் கண் இல்லையா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பள்ளிக்குப் போகும்போது முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள், வாரம் ஒருமுறை பேன் சீப்பு போடுங்கள். மகளோடு ஒட்டிக்கொண்டு விளையாடுகிற பிள்ளைகளின் வீட்டுக்கும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்தத் தலைகளில் இருந்தால் உங்கள் வீட்டுக்குத் திரும்பவும் வரும்.