நெதர்லாந்துக்குக் கிரிக்கெட் எப்போது வந்தது? பெரிய அணியை ஜெயித்துவிட்டு ஏன் காணாமல் போகிறார்கள்?

2023 உலகக் கோப்பையில் தரம்சாலாவில் தென்னாப்பிரிக்காவை ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, "கால்பந்து நாட்டுக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய கிரிக்கெட் சங்கம் 1883-ல் தொடங்கியது. நம் இந்திய கிரிக்கெட் வாரியமான பி.சி.சி.ஐ. வந்தது 1928-ல். இன்று கால்பந்துக்குப் பெயர்போன ராட்டர்டாம் நகரின் ஸ்பார்ட்டா கிளப்கூட 1888-ல் கிரிக்கெட் கிளப்பாகப் பிறந்ததுதான். கார்ஸ்ட் போஸ்துமா என்ற டச்சு இடதுகைப் பந்துவீச்சாளர் 1903-ல் இங்கிலாந்து போய், புகழ்பெற்ற ஆங்கிலேய வீரர் டபிள்யூ.ஜி. கிரேஸின் லண்டன் கவுண்டி அணிக்கு ஆடினார்.

1964-ல் இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடரை முடித்துக்கொண்டு வந்த பாபி சிம்ப்சனின் ஆஸ்திரேலிய அணி, தி ஹேக் நகரில் ஒருநாள் ஆட்டம் ஒன்று ஆடியது. ஆஸ்திரேலியா 197, நெதர்லாந்து 7 விக்கெட்டுக்கு 201. டச்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். பெரிய அணியை வீழ்த்துகிற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 140 ஆண்டுப் பழக்கம் இருந்தும் ஏன் நிலைத்து நிற்க முடியவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று காரணங்கள்: ஆடுகளம், அந்தஸ்து விதிகள், இங்கிலாந்தின் உள்நாட்டு அணிகளுடனான கவுண்டி ஒப்பந்தங்கள்.

ஆடுகளத்திலிருந்து தொடங்குவோம். அங்கே சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். பல இடங்களில் மற்ற மாதங்களில் அதே புல்வெளியில் ஹாக்கியோ கால்பந்தோ நடக்கும். களிமண் போட்டு, ரோலர் ஓட்டி, ஆள் வைத்துப் பராமரிக்கும் புல் ஆடுகளம் பெரும்பாலான கிளப்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தலைமுறை தலைமுறையாக மேட்தான். முன்பு தேங்காய் நார்ப் பாய், இப்போது செயற்கைப் புல். நம் ஊர் லீக்கில் மேட்டில் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பந்து ஒரே சீராக, உயரமாக எழும். பேட்ஸ்மேன் பின்காலில் நின்று கட், புல் (pull) ஷாட்டுகள் ஆடியே ரன் சேர்த்துவிடலாம். பவுலர் ஸ்டம்பை அடிக்க வேண்டுமென்றால் பேட்ஸ்மேனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பிட்ச் செய்ய வேண்டும். அதே கைகள் புல் ஆடுகளத்துக்கு வந்ததும் தடுமாறும். பந்து தாழ்ந்து வந்து பின்காலில் பட்டு எல்.பி.டபிள்யூ. ஆகும். மேட்டில் நல்ல லெங்த்தாக இருந்தது இங்கே டிரைவ் ஆடத் தோதான பந்தாகிவிடும். ரப்பர் அடி ஷூவில் ஓடிப் பழகிய வேகப் பந்துவீச்சாளர் ஸ்பைக்ஸுக்கு மாறும்போது ரன்-அப்பையே திரும்பப் பழக வேண்டும். ஆம்ஸ்டெல்வீன், ராட்டர்டாம், வோர்பர்க், உட்ரெக்ட் என்று புல் ஆடுகளம் உள்ள மைதானங்களைச் சுலபமாக எண்ணிவிடலாம். அதில் ஆம்ஸ்டெல்வீன் பேட்ஸ்மேன்களின் சொர்க்கம். 2006-ல் ஜெயசூர்யா 157 அடிக்க, இலங்கை 443 எடுத்து உலக சாதனை படைத்தது இங்கேதான். 2022-ல் இங்கிலாந்து 498 எடுத்து புதிய உலக சாதனை படைத்ததும் இதே மைதானத்தில்தான்.

உலகக் கோப்பைக்கு முதலில் வந்தது 1996-ல். எல்லா ஆட்டமும் தோல்வி. 47 வயது நோலன் கிளார்க்கும், இங்கிலாந்துக்கு எதிராக 54 எடுத்த 18 வயது பாஸ் சைடரென்டும் ஒரே அணியில் இருந்தார்கள். அதுவே அந்த நாட்டில் வீரர்கள் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டிவிடும். 2001-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) தகுதித் தொடரான ஐ.சி.சி. டிராபியை வென்று 2003 உலகக் கோப்பைக்கு வந்தார்கள். பார்ல் நகரில் டிம் டி லீட 35 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்து இந்தியாவை 204-க்குச் சுருட்டியது பலருக்கு நினைவிருக்கும். அவரிடம் விக்கெட் இழந்தவர்களில் சச்சினும் ஒருவர். இன்று ஆடும் பாஸ் டி லீட அவருடைய மகன்.

இரண்டாவது காரணம்தான் என்னை மிகவும் வருத்துவது. ஐ.சி.சி.யின் அசோசியேட் நாடுகளுக்கு, அதாவது முழு உறுப்பினரல்லாத நாடுகளுக்கு, அதிகாரப்பூர்வ ஒருநாள் போட்டி ஆடும் அந்தஸ்து நிரந்தரமல்ல. ஒரு தகுதிச் சுற்றில் சறுக்கினால் அதுவும் போகும், அதோடு வரும் நிதியும் குறையும், பெரிய அணிகளுடன் ஆட்டமும் கிடைக்காது. 2014 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் நெதர்லாந்துக்கு இதுதான் நடந்தது. அடுத்த ஒருநாள் போட்டி ஆட 2018 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். ஒரு வீரரின் நல்ல வயதில் நாலரை ஆண்டு என்றால் சும்மாவா?

அந்தஸ்து போன இரண்டே மாதத்தில், டி20 உலகக் கோப்பையில், சில்ஹெட்டில் அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்து 189 எடுத்தது. நெதர்லாந்து ஜெயித்தால் மட்டும் போதாது. நெட் ரன் ரேட்டில் (ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்) அயர்லாந்தையும் ஜிம்பாப்வேயையும் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போக, 190 ரன்னை 14.2 ஓவருக்குள், அதாவது 86 பந்தில் அடித்தாக வேண்டும். ஓவருக்குப் பதிமூன்றுக்கு மேல். பவர்பிளே எனப்படும் முதல் 6 ஓவரில் மட்டும் 91 ரன். மைபர்க் 23 பந்தில் 63, டாம் கூப்பர் 15 பந்தில் 45. மொத்தம் 19 சிக்ஸர். 13.5 ஓவரில், மூன்று பந்து மிச்சம் வைத்து முடித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் இலங்கையிடம் 39-க்கு ஆல் அவுட். அதே தொடரில் இங்கிலாந்தை 88-க்குச் சுருட்டி ஜெயித்தார்கள். பெரிய அணிகளுடன் வருடத்துக்கு நாலு ஆட்டம்கூடக் கிடைக்காத அணி இப்படி ஏறி இறங்கத்தான் செய்யும்.

உலக கிரிக்கெட் லீக் சாம்பியன்ஷிப்பை 2017-ல் வென்றதால் பெரிய அணிகள் ஆடும் ஒருநாள் சூப்பர் லீகில் பதின்மூன்றாவது அணியாக இடம் கிடைத்தது. கடைசி இடம்தான் வந்தார்கள். ஆனால் பாகிஸ்தான், இங்கிலாந்து, நியூசிலாந்து என்று வரிசையாக ஆடிய அந்த அனுபவம்தான் 2023 தகுதிச் சுற்றில் கைகொடுத்தது. ஹராரேயில் மேற்கிந்தியத் தீவுகளுடன் 374-374 என்று டை. வெற்றியை முடிவு செய்யும் சூப்பர் ஓவரில் லோகன் வான் பீக், ஹோல்டரின் பந்தில் 4, 6, 4, 6, 6, 4 என 30 ரன் விளாசிவிட்டு, தானே பந்து வீசி இரண்டு விக்கெட்டும் எடுத்தார். பிறகு, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற, ஸ்காட்லாந்துடன் 278 ரன்னை 44 ஓவருக்குள் எடுக்க வேண்டிய கட்டாயம். பாஸ் டி லீட 5 விக்கெட், 123 ரன். 42.5 ஓவரில் முடிந்தது.

இங்கேதான் மூன்றாவது காரணம் வருகிறது. அந்தத் தகுதிச் சுற்றுக்கு ஆக்கர்மன், வான் டெர் மெர்வ, வான் மீகரன் போன்ற பலர் வரவில்லை. இங்கிலாந்து கவுண்டி ஒப்பந்தம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. டச்சு சீசனும் கவுண்டி சீசனும் ஒரே மாதங்களில் நடப்பதால், இந்தச் சிக்கல் ஒவ்வொரு கோடையிலும் வரும். ஒருநாள் போட்டிகளில் சராசரி 67 வைத்திருந்த ரியான் டென் டஸ்காட்டே ஆடியதே 33 ஆட்டம்தான். அவர் எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் வீரராக இருந்தார்.

தரம்சாலாவுக்கு வருவோம். மழையால் 43 ஓவர். 140-க்கு 7 விக்கெட் விழுந்த நிலையில் கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸ் ஸ்வீப்பை நம்பி நின்று 78 நாட் அவுட். கடைசியில் ஆர்யன் தத் 9 பந்தில் 23. மொத்தம் 245. தென்னாப்பிரிக்கா விக்கெட் இழப்பின்றி 36-லிருந்து 44-க்கு 4 ஆனது. முதலில் உடைத்தது ஆக்கர்மனின் ஆஃப் ஸ்பின், பிறகு வான் டெர் மெர்வ. ஈரமான ஆடுகளத்தில் பந்தின் வேகத்தைக் குறைத்து ஸ்டம்பை விட்டு விலகாமல் போடும் திட்டம். 38 ரன்னில் வெற்றி.

அந்தத் தொடருக்கு முன் பெங்களூரு அருகே ஆலூரில் முகாம் போட்டு, வலைப் பயிற்சிக்குப் பந்துவீச்சாளர்கள் தேவை என்று சமூக ஊடகத்தில் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்ததில் தேர்வான நால்வரில் ஒருவர் சென்னையில் உணவு டெலிவரி செய்துகொண்டிருந்த இடதுகைச் சுழல் பந்துவீச்சாளர். அதுபோன்ற பந்துவீச்சை டச்சு கிளப் மேட்களில் எதிர்கொள்ள வாய்ப்பு குறைவு என்பதால் அந்தத் தேர்வு சரியானது.

2023-க்குப் பின் சூப்பர் லீகை ஐ.சி.சி. கைவிட்டது. நெதர்லாந்து மறுபடியும் இரண்டாம் அடுக்குத் தொடரான லீக் 2-ல், நேபாளம், நமீபியா, ஸ்காட்லாந்துடன் ஆடுகிறது. 2025 ஜூனில் டண்டீயில் ஸ்காட்லாந்தின் 369-ஐ மேக்ஸ் ஓ'டவுடின் 158 நாட் அவுட்டால் விரட்டிப் பிடித்தது அந்த லீகில்தான். நம்மில் பலர் அதை நேரலையில் பார்த்திருக்க மாட்டோம். ஸ்கோர்கார்டையாவது தேடிப் பாருங்கள்.